"வந்ததை அப்படியே அனுப்பினேன்" என்று இனிமேல் சொல்லாதீங்க



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு வந்து, சாப்பிட்டு, உட்கார்ந்து பொறுமையா படிங்க. படிச்சா சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும். எங்களுக்கு எங்க மேலேயே கோபம் இருக்கு, அதனாலதான் எழுதுறோம்.

நாங்க பெரிய படிப்பு படிச்சவங்க இல்ல. எங்க தொண்டர் குழுவில் பாதிப் பேர் பாசிர் கூடாங், மாசாய் பக்கம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்றவங்க. எஸ்.பி.எம். முடிச்சு, லைன்ல நின்னு, சூப்பர்வைசர் ஆகி, தலை நரைச்சவங்க. எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சிடுங்க. விஷயத்தில் பிழை இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறோம்.

முதல்ல அன்னதானத்தைப் பத்தி ஒரு வார்த்தை. நைவேத்தியம் முடிஞ்சு பந்தி போடும் முன்னாடி, எங்க சமையல் குழுப் பெரியவர் ஒவ்வொரு பாத்திரமா திறந்து பார்ப்பார். முகர்ந்து பார்ப்பார். ஒரு தடவை ஒரு உபயக்காரர் வீட்டிலிருந்து தயிர்ச் சாதம் பெரிய டப்பாவில் காலையிலேயே கொண்டு வந்துட்டாங்க. நம்ம ஊர் வெயில் தெரியுமே, மத்தியானம் திறந்தா புளிச்ச வாடை. பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, மன்னிச்சிடுங்க, இதைப் பரிமாற மாட்டோம்" என்று சொல்லிட்டார். உபயக்காரருக்கு வருத்தம்தான். ஆனா அந்தச் சாதத்தைச் சாப்பிட்டு ஒரு பிள்ளைக்கு வயித்தால போயிருந்தா, "நாங்க சமைக்கல, வந்ததை அப்படியே பரிமாறினோம்" என்று நாங்க சொல்ல முடியுமா? சொன்னா நீங்க விடுவீங்களா? கோயில் வாசலிலேயே வச்சுக் கேட்டிருப்பீங்க.

சோத்துக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிற நாம, செய்திக்கு மட்டும் ஏன் பார்க்கிறதில்ல? வாட்ஸ்அப்பில் என்ன வந்தாலும் முகர்ந்துகூடப் பார்க்காம அடுத்த இலையில் கொட்டுறோம். கேட்டா, "எனக்கு வந்தது, அப்படியே அனுப்பினேன்" என்கிறோம்.

இப்போ விஷயத்துக்கு வர்றோம். நம்ம கோயில் ஆளுங்க நிறைய பேருக்குப் பாதிக் கதை தெரியும். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

போன ஆடி மூணாம் வெள்ளி. கூட்டம் தாங்கல. அன்றைக்கு ராத்திரி ஒரு காணொளி நம்ம குழுக்களில் வந்துச்சு. மொத்தமே 14 நொடி. அர்ச்சனைச் சீட்டு விற்கிற கவுண்டர் பக்கத்தில் நிற்கிற ஒரு தம்பி, பணத்தை எண்ணி, மடிச்சு, கால்சட்டைப் பையில் வச்சுக்கிட்டு வேகமா வெளியே போறார். அதுக்குக் கீழே ஒரு வரி: "அம்மன் காசைத் திருடும் தொண்டர். எல்லாரும் பகிருங்கள்."

அந்தத் தம்பியின் பேரை இங்கே எழுத மாட்டோம். ஏற்கெனவே அவர் முகம் போன இடமெல்லாம் போதும். நாலு வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம வந்து, கடைசி ஆள் சாப்பிட்டுப் போன பிறகு தரையைக் கழுவி விட்டுட்டு வீட்டுக்குப் போற பிள்ளை.

நடந்தது இதுதான். சமையல்கட்டில் கேஸ் தோங் தீர்ந்து போச்சு. பந்தி பாதியில் நிற்குது. பொருளாளர் கவுண்டரிலிருந்து 200 வெள்ளி எடுத்து, புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தத் தம்பியிடம் கொடுத்து "ஓடிப் போய் ரெண்டு தோங்கும் கொஞ்சம் மளிகையும் வாங்கிட்டு வா" என்று அனுப்பினார். தம்பி வாங்கிட்டு வந்து, ரசீதையும் மிச்சம் 13 வெள்ளி 40 காசையும் அன்றைக்கு ராத்திரியே திருப்பிக் கொடுத்துட்டார். அதுவும் புத்தகத்தில் இருக்கு. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

பொருளாளர் பணம் கொடுத்தது காணொளியில் இல்ல. அதுக்கு முன்னாடி வெட்டியாச்சு. தம்பி தோங்கைத் தோளில் தூக்கிட்டு வந்தது காணொளியில் இல்ல. அதுக்குப் பிறகு வெட்டியாச்சு. நடுவில் இருந்த 14 நொடிதான் ஊர் சுத்துச்சு. வெட்டினது யார் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சாலும் அது இந்தப் பதிவின் விஷயம் இல்ல. வெட்டினவர் ஒருத்தர். அனுப்பினவங்க எத்தனை பேர்?

எங்க தொண்டர் குழுவிலேயே நாலு பேர் அனுப்பினோம். ஆமா, நாங்கதான். தம்பியோட பக்கத்தில் நின்னு இலை எடுத்தவங்க. அவர் எப்படிப்பட்ட பிள்ளைன்னு தெரிஞ்சவங்க. ஒருத்தர் கூட அவரைக் கூப்பிட்டு "தம்பி, இது என்ன?" என்று கேட்கல. பொருளாளரைக் கேட்கல. புத்தகத்தைத் திறந்து பார்க்கல. அவர் நம்பர் எங்க எல்லார் போனிலும் இருந்துச்சு.

சனிக்கிழமை காலையில் அது தம்பி வேலை செய்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. ஞாயிறு அன்று அவங்க தாமானில் இருக்கிற சீனக் கடைக்காரர்கூடக் காட்டிக் கேட்டிருக்கார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தம்பியின் அம்மா கோயிலுக்கு வந்தாங்க. கும்பிட்டுட்டு நேரே கவுண்டருக்கு வந்து, முந்தானையிலிருந்து நாலு ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்து வச்சாங்க. "என் பிள்ளை எடுத்திருந்தா இதை வச்சுக்குங்க. எடுக்கலைன்னா அம்மன் வச்சுக்கட்டும். அந்தப் படத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க" என்றாங்க.

அந்த நேரம் எங்க முகத்தை எங்கே வச்சுக்கிறதுன்னு தெரியல. காசைத் திருப்பிக் கையில் திணிச்சோம். அன்றைக்கே விளக்கம் எழுதி, புத்தகப் பக்கத்தையும் படம் எடுத்து எல்லாக் குழுவிலும் போட்டோம்.

அந்தக் காணொளி எத்தனை குழுவுக்குப் போச்சோ தெரியல. எங்களுக்குத் தெரிஞ்சே ஆறு குழு. எங்க விளக்கத்தை வேற குழுவுக்கு அனுப்பினவங்க எத்தனை பேர் என்று விசாரிச்சோம். ரெண்டு பேர். மத்தவங்க கும்பிடு படத்தையும் கட்டை விரலையும் போட்டுட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

இப்போ புரட்டாசி பிறந்துடுச்சு. தம்பி இன்னும் கோயிலுக்கு வரல.

"சின்ன விஷயத்தை ஏன் இவ்வளவு பெரிசு பண்ணுறீங்க? அடியா உதையா, ஒரு படம்தானே" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்காகவே இதைச் சொல்றோம்.

2018 மே 9. நமக்கெல்லாம் அந்தத் தேதி நல்லா ஞாபகம் இருக்கும். 14வது பொதுத் தேர்தல். விரலில் மை வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க முடிவுக்காக உட்கார்ந்திருந்தோம். அதே நாள் தமிழ்நாட்டில், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில் அத்திமூர் என்கிற கிராமத்தில் ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போச்சு. சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா ஒருத்தர், அவங்க உறவுக்காரங்க. அதில் மலேசியாவிலிருந்து போனவங்களும் இருந்தாங்க. நம்ம மாதிரி ஆளுங்க. பாட்டன் பூட்டன் கும்பிட்ட சாமியைப் பார்த்துட்டு வரலாம்னு லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, வாடகைக் கார் பிடிச்சுப் போறது நம்ம வீடுகளிலும் நடக்கிறதுதான்.

வழியில் நின்னாங்க. அந்த அம்மா அங்கே விளையாடிக்கிட்டிருந்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தாங்க. நாம ஊருக்குப் போனா கொடுக்க மாட்டோமா? பை நிறைய சாக்லேட் வாங்கிட்டுப் போறதே அதுக்குத்தானே.

அந்த நேரம் அந்த வட்டாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் "பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கு" என்று ஓடிக்கிட்டிருந்துச்சு. சாக்லேட்டைப் பார்த்தாங்க. வெளியூர் கார், தெரியாத முகம். கும்பல் கூடிருச்சு. அடிச்சாங்க. அந்த அம்மா செத்துப் போனாங்க. கூடப் போனவங்க பலத்த காயத்தோட ஆஸ்பத்திரியில் கிடந்தாங்க. பிறகு போலீஸ் பல பேரைக் கைது செஞ்சது. கைதானவங்க யாரும் பிறவிக் கொலைகாரங்க இல்ல. பிள்ளை குட்டி உள்ள ஊர்க்காரங்க. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பின செய்தியை நம்பினவங்க.

அந்த வருஷம் இந்தியா முழுக்க இதே வதந்தி உயிர் வாங்கிச்சு. ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிராவில் துலே மாவட்டம் ராயின்பாடா கிராமத்தில், பிச்சை எடுத்துப் பிழைக்கிற நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த அஞ்சு பேரை அடிச்சே கொன்னாங்க. அந்த மாதங்களில் நிறைய சுத்தின ஒரு காணொளியின் கதையைக் கேளுங்க. மோட்டார் சைக்கிளில் ரெண்டு பேர் வந்து தெருவில் விளையாடுற பிள்ளையைத் தூக்கிட்டுப் போற காட்சி. அது இந்தியாவே இல்ல. பாகிஸ்தானில் கராச்சியில், பிள்ளைகளைப் பத்திரமா பார்த்துக்குங்க என்று பெற்றோருக்குச் சொல்ல எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அதே ரெண்டு பேரும் திரும்பி வந்து, பிள்ளையை இறக்கி விட்டு, ஒரு அட்டையை விரிச்சுக் காட்டுவாங்க. அந்தக் கடைசிப் பாகத்தை யாரோ வெட்டிட்டாங்க. நல்லதுக்கு எடுத்த படம் ஆளைக் கொல்லும் படமா மாறிப் போச்சு.

நம்ம தம்பியின் 14 நொடியும் இப்படி வெட்டினதுதான். நம்ம ஊரில் யாரும் கை வைக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். அது நம்ம நல்ல குணமா, இல்ல அவர் அந்த நேரம் எதிரில் வராத அதிர்ஷ்டமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.

"அது இந்தியா, இங்கே அப்படி நடக்காது" என்று சொல்றவங்களுக்கு சீபீல்டு மறந்து போச்சு போல. அதே 2018, நவம்பர் 26 விடியற்காலை. சுபாங் ஜெயா யூஎஸ்ஜே 25இல் இருக்கிற சீபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தில் ஒரு கும்பல் புகுந்தது. அதுக்குப் பின்னால நிலம், இடமாற்றம், நிர்வாகத் தகராறு, கோர்ட்டு என்று பல வருஷக் கதை உண்டு. கார்கள் எரிஞ்சது. மறுநாள் ராத்திரியும் கலவரம். பணிக்கு வந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் படுகாயம் அடைஞ்சார். டிசம்பர் 17 இறந்து போனார். வயசு 24. கல்யாணத்துக்கு நாள் பார்த்திருந்த பிள்ளை.

அந்த மூணு வாரமும் நம்ம போனுக்கு என்னென்ன வந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. அப்போதைய உள்துறை அமைச்சர் டான் ஸ்ரீ முகிதீன் யாசின், நம்ம ஜொகூர்க்காரர்தான், "இது இனக் கலவரம் இல்லை" என்று சொன்னார். நம்ம போனில் அது இனக் கலவரமாத்தான் இருந்துச்சு. அவங்க பக்கத்துப் போனிலும் அப்படித்தான். அடிப் எப்படி இறந்தார் என்று கண்டுபிடிக்க மரண விசாரணை நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தொடங்கி, டாக்டர்களையும் சாட்சிகளையும் மாதக் கணக்கா விசாரிச்சு, செப்டம்பர் 27இல்தான் முடிவு சொன்னது. நம்ம குழுக்களில் எத்தனை நிமிஷத்தில் தீர்ப்பு எழுதினோம்? கோப்பி ஆறுவதற்குள்ளே எழுதிட்டோம். கோயில் பேரை வச்சு நடந்த அந்தச் சண்டையில் ஒரு தாய்க்குப் பிள்ளை போச்சு. அந்தத் தாய் என்ன மதமா இருந்தா நமக்கென்ன?

சரி, நாம வழக்கமா சொல்ற சமாதானங்களை ஒண்ணொண்ணா எடுத்துப் பார்ப்போம்.

"எச்சரிக்கையா இருக்கட்டும்னு அனுப்பினேன். உண்மையா இல்லைன்னா நஷ்டம் இல்லையே."

நஷ்டம் உண்டு. பாசிர் கூடாங்காரங்களுக்கு 2019 மார்ச் மறக்காது. சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டி, பள்ளிப் பிள்ளைகள் மூச்சு விட முடியாம விழுந்த நேரம். 111 பள்ளிக்கூடத்தை மூடினாங்க. பயம் நிஜம். ஆனா அந்த நிஜப் பயத்தின் முதுகில் ஏறிக்கிட்டு எத்தனை பொய்க் குரல் பதிவு வந்துச்சு? "இன்றைக்கு ராத்திரி இந்தத் தாமானைக் காலி பண்ணப் போறாங்க" என்று ஒண்ணு வந்துச்சு. எங்களில் ஒருத்தர் குடும்பம் வயசான அம்மாவைத் தூக்கிக் காரில் போட்டுக்கிட்டு குளுவாங் வரைக்கும் ராத்திரியோட ராத்திரியா ஓடினாங்க. காலையில் பார்த்தா அப்படி ஒரு உத்தரவே இல்ல. மூணு பொய் எச்சரிக்கை கேட்டவன் நாலாவதா வர்ற நிஜ எச்சரிக்கையைக் கேட்க மாட்டான். தொழிற்சாலையில் தீ அலாரம் அடிக்கடி சும்மா அடிச்சா, நிஜமா எரியும்போது யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. இது எங்க அனுபவம்.

"நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினேன்."

எங்க லைனில் ஒரு பாகம் கடைசியா வெளியே போகும் முன்னாடி, பரிசோதிச்சவர் கையெழுத்துப் போடணும். அந்தப் பாகத்தை அவர் செய்யல. யாரோ எங்கேயோ செஞ்சு, பத்துக் கை மாறி அவர் மேசைக்கு வந்தது. ஆனா அதில் வெடிப்பு இருந்து வாடிக்கையாளர் கைக்குப் போனா, முதல்ல கூப்பிடறது அவரைத்தான். "நல்ல எண்ணத்தில் விட்டேன்" என்று அவர் சொல்ல முடியாது. பார்த்தியா இல்லையா, அதுதான் கேள்வி.

செய்திக்கும் அதே கணக்குத்தான். உங்க அண்ணி, உங்க மச்சான், உங்க பக்கத்து வீட்டு ஆயா ஒரு செய்தியை நம்புறது எழுதினவனை நம்பி இல்ல. எழுதினவன் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. "நம்ம அண்ணன் அனுப்பியிருக்கார், கோயில் ஆளு, பொய் சொல்ல மாட்டார்" என்றுதான் நம்புறாங்க. நம்ம தம்பியின் காணொளியை ஊர் நம்பினதுக்குக் காரணம், அது கோயில் தொண்டர்கள் போனிலிருந்து போனதுதான். இருபது வருஷம் இலை எடுத்துச் சம்பாதிச்ச நம்பிக்கையை, முகம் தெரியாத ஒருத்தனுக்கு இலவசமா வாடகைக்கு விட்டோம்.

"ஆண்டவன் செய்திதானே, அதில் என்ன தப்பு?"

இதுதான் எங்களுக்கு ரொம்ப வலிக்கிற இடம். "இதை 11 பேருக்கு அனுப்பினால் இன்றிரவே நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் கஷ்டம் வரும்." முன்னாடி இது கடிதத்தில் வந்துச்சு, இப்போ போனில் வருது. ஏங்க, நம்ம அம்மன் என்ன கந்து வட்டிக்காரியா, 11 பேருக்கு அனுப்பலைன்னா வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊத்துறதுக்கு? பெத்த தாய் பிள்ளையை இப்படி மிரட்டுவாளா?

அடுத்தது "நாசா சொன்னது" வகை. திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள் மூணு நொடி நின்னு போகுதாம். பூமிக்குக் கிட்டத்தில் சுத்துற செயற்கைக்கோள் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாம வச்சிருக்கு. நின்னா விழும். நாசா அப்படிச் சொல்லவும் இல்ல. அதே மாதிரி, பூமியின் காந்த மையம் சிதம்பரத்தில் இருக்குன்னு ஒண்ணு. காந்த நடுக்கோடு கேரளாவில் தும்பா பக்கம் போகுது. அதனாலதான் 1963இல் இந்தியா தன் முதல் ராக்கெட் தளத்தை அங்கே வச்சது. சிதம்பரத்தில் வைக்கல.

இதைச் சொன்னா "நீங்க நாத்திகரா?" என்று கேட்கிறாங்க. நாங்க தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவங்க. தில்லை நடராஜரைக் கும்பிட நமக்கு அமெரிக்காக்காரன் சர்டிபிகேட் எதுக்கு? நம்ம தாத்தா பாட்டி நாசா பேரையே கேட்டதில்ல. கப்பலில் வந்து, பால் மரக் காட்டில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, விளக்கு ஏத்தினாங்க. அந்த விளக்குதான் இன்றைக்குக் கோபுரமா நிற்குது. நம்ம பிள்ளைகள் போனில் தேடி ஒரு நிமிஷத்தில் அந்த நாசா கதை பொய்யுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. அப்புறம் கோயிலில் நாம சொல்ற மத்ததையும் அதே கண்ணால்தான் பார்ப்பாங்க. பொய்யை முட்டுக் கொடுத்துப் பக்தியை நிறுத்தினா, முட்டு சாயும்போது பக்தியும் சேர்ந்து சாயும்.

"திருட்டு ஆசாமிங்கதான் ஏமாத்துறாங்க, நாங்க என்ன பண்ணுவோம்?"

திருடனும் நம்ம நம்பிக்கையிலதான் கை வைக்கிறான். "அக்கா, தப்பா உங்க நம்பருக்கு ஆறு இலக்க எண் வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்புங்க" என்று தெரிஞ்சவங்க பேரிலேயே வரும். அனுப்பினா உங்க வாட்ஸ்அப் அவன் கையில். அடுத்த அரை மணியில் உங்க பேரில் கோயில் குழுவில் "அவசரமா 500 வெள்ளி" வரும். 2023 ஏப்ரலில் ஜகார்த்தாவில் ஒருத்தன் பள்ளிவாசல் நன்கொடைப் பெட்டிகள் மேல் தன்னோட கியூஆர் குறியை ஒட்டி வச்சுப் பிடிபட்டான். சாமி வீட்டு வாசலில் யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும். நம்ம கோயில் உண்டியல் பக்கத்தில் இருக்கிற கியூஆர் குறியையும் இனிமேல் ரெண்டு பேர் வாரா வாரம் ஸ்கேன் பண்ணிப் பார்ப்போம். பணம் அனுப்பும் முன்னாடி திரையில் கோயில் பேர் வருதான்னு நீங்களும் பாருங்க. ஏமாந்துட்டா வெட்கப்பட்டுக்கிட்டு உட்காராதீங்க, உடனே 997க்குக் கூப்பிடுங்க. அது தேசிய மோசடி உதவி மையம். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்வளவு நல்லது.

"சட்டம் இருக்கே, அரசாங்கம் பார்த்துக்கும்" என்று இன்னும் சில பேர் சொல்றாங்க. இருக்கு. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் 233வது பிரிவு இருக்கு. வாட்ஸ்அப் கம்பெனியும் தன் பங்குக்கு 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி பண்ணிச்சு, 2019 ஜனவரியில் உலகம் முழுக்கப் பண்ணிச்சு. நிறைய கை மாறின செய்திக்கு இரட்டை அம்புக்குறி போட்டு, 2020 ஏப்ரலில் அதை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும்னு ஆக்கிச்சு. ஆனா நாம என்ன பண்ணினோம்? அந்தத் தடையைத் தாண்ட, ஒண்ணொண்ணா உட்கார்ந்து ஆறு குழுவுக்கும் அனுப்பினோம். வேலி போட்டா ஏறிக் குதிக்கிறவனுக்கு வேலி என்ன பண்ணும்?

வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஒரு முழு அதிகாரமே ஒதுக்கினார். அவர் காலத்தில் புறம் பேச ஆளைத் தேடி நடந்து போகணும். போற வழியில் மனசு மாறவாவது நேரம் இருந்துச்சு. இப்போ படுக்கையில் படுத்துக்கிட்டே ஒரு ஆளோட மானத்தை இருநூறு வீட்டுக்கு அனுப்பிட்டுத் தூங்கிடலாம்.

அதனால தொண்டர் குழுவில் கூடிப் பேசி சில முடிவு எடுத்திருக்கோம். ஒரு மனுஷனோட முகமோ பேரோ இருக்கிற குற்றச்சாட்டு எதையும் கோயில் குழுவில் போட மாட்டோம். சந்தேகம் இருந்தா நிர்வாகத்திடம் நேரில் வந்து கேளுங்க, கணக்குப் புத்தகம் திறந்தே இருக்கும். மதத்தையோ இனத்தையோ தூண்டுற செய்தி, யார் போட்டாலும் நீக்கப்படும். தலைவரே போட்டாலும் நீக்கப்படும். சந்தேகமான செய்தியைத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்துற 'செபெனார்ஞா' தளத்தில் பார்த்துட்டுத்தான் பேசுவோம். தப்பா ஒண்ணை அனுப்பிட்டா, அனுப்பின ஒவ்வொரு இடத்திலும் "நாங்க அனுப்பினது தப்பு" என்று நாங்களே எழுதுவோம். சத்தமில்லாம அழிச்சிட்டு நல்லவங்க மாதிரி இருக்க மாட்டோம்.

உங்களிடம் நாங்க கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. இப்போ, இந்தப் பதிவைப் படிச்சு முடிச்ச உடனே, உங்க போனில் அந்த 14 நொடிக் காணொளி இருக்கான்னு தேடுங்க. இருந்தா, யார் யாருக்கு அனுப்பினீங்களோ அவங்களுக்கே, அதே குழுவிலேயே, "இது பொய். அந்தத் தம்பி எதுவும் எடுக்கல. தெரியாம அனுப்பிட்டோம், மன்னிச்சிடுங்க" என்று எழுதுங்க. பிறகு அழிங்க. காணொளியை அனுப்பின கைக்கு இதை எழுதுறது பெரிய பாரம் இல்ல.

போன வாரம் எங்களில் மூணு பேர் பிரசாதம் எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனோம். அம்மா உட்காரச் சொல்லி, தேத்தண்ணி கலந்து கொடுத்தாங்க. ஒரு வார்த்தை குத்திப் பேசல. தம்பி உள்ளே அறையில்தான் இருந்தார், வெளியே வரல. கிளம்பும்போது அம்மா, "நவராத்திரிக்கு வரச் சொல்லிப் பார்க்கிறேன் தம்பி. ஆனா எல்லாரும் அவனைத்தானே பார்ப்பாங்க" என்றாங்க.

நவராத்திரிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. அந்தப் பிள்ளை கோயில் படி ஏறும்போது நம்ம கண்ணு எப்படிப் பார்க்கணும் என்பதை இப்பவே முடிவு பண்ணிக்குவோம்.

ஓம் சக்தி.

தொண்டர் குழு சார்பில், உங்களில் ஒருவர்.